கூடையை இழுக்கும் கால்

கோமஸ் அண்ணாச்சி பேசினால் எங்கள் பேச்சுச் சிகிச்சை மையத்தில் எல்லோரும் வாய் பிளந்து கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு மனிதர் அவ்வளவு நன்றாகப் பேசக்கூடாது.

“வணக்கம் இசக்கி மேடம். நலமாக இருக்கிறீர்களா? இன்று வெயில் சற்றுக் கூடுதலாக உள்ளது, இல்லையா?”

இப்படிக் கேட்டவர் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் பாதி ஆயுளை ஏலம் விட்டே கழித்தவர். சீலா மீன் கூடையை நடுவில் வைத்து அவர் போடும் சத்தத்தில், படகில் உறங்குகிறவன் எழுந்து உட்காருவானாம். அந்த வாயிலிருந்து ‘சற்றுக் கூடுதலாக’ வந்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. போன வருடம் பக்கவாதம் வந்து பேச்சு அடியோடு போயிற்று. நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். அப்படித்தான் எங்கள் விளம்பரப் பலகையில் எழுதியிருக்கிறது.

விஷயம் இதுதான். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சில்லு. அதற்குள் ஓர் இன்டர்ப்ரெட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். மூளை நினைப்பதை வரி வரியாகப் படித்து, அப்போதைக்கப்போது நிறைவேற்றும். ‘பேசு’ என்று ஒரு வரி வந்தால், பேசும் திறன் எங்கே இருக்கிறது என்று தேடும். மூளையில் அந்த இடம் செத்துப்போயிருந்தால், கம்பெனி சர்வரில் இருக்கிற பேச்சு நூலகத்தை அந்தக் கணமே கொண்டுவந்து இணைத்துக்கொள்ளும். ஒரே நூலகம்தான், ஊர்ப்பட்ட பேருக்கு அதிலிருந்தே பேச்சு போகிறது.

மையத்தில் வேலை பார்க்கிற எங்களுக்கும் சில்லு உண்டு. வாசல் கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் நூலகம் ஏறிக்கொள்ளும், வெளியே போனதும் கழன்றுவிடும். இல்லாவிட்டால் என் நாக்குக்கு ஒரு நோயாளியும் மறுமுறை வரமாட்டார். டாக்டர் வைகுந்தனுக்கு மட்டும் சில்லு கிடையாது. மேலே இருப்பவர்கள் எப்படிப் பேசினாலும் நாம் கேட்டுக்கொள்வோமே.

அன்று அண்ணாச்சியுடன் அவர் மனைவி ஜெசிந்தாவும் வந்திருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை நிரந்தரப் பிணைப்பு. அதாவது, நூலகத்தை ஒவ்வொரு முறையும் தேடிக் கொண்டுவராமல் சில்லிலேயே ஒட்டிவிடுவது. அதன்பிறகு நெட்வொர்க் போனாலும் பேச்சு போகாது. ஆனால் இன்டர்ப்ரெட்டர் வேறு எங்கேயும் தேடவும் தேடாது. அவருடைய சொந்தப் பேச்சு வருவதற்கான வழி அடைபட்டுவிடும். செய்தால் செய்ததுதான், திரும்ப எடுக்க முடியாது. அதனால் நோயாளி தன் வாயாலேயே சம்மதம் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர் வாய் திறந்து பேசுகிறவராக இருந்தால் வேறு யார் சொல்லும் செல்லாது.

“எனக்கு முழுச் சம்மதம் மேடம். நீங்கள் எது செய்தாலும் நன்மைக்கே,” என்றார் அண்ணாச்சி.

ஜெசிந்தாவுக்கு முகமெல்லாம் பல். “கேட்டியளா மேடம்? முன்னயெல்லாம் இவுக வாயத் தொறந்தா நான் சன்னலச் சாத்துவேன். அப்படியொரு வாய். இப்பம் காலைல எந்திச்சதும் ‘நன்றாக உறங்கினாயா’ங்காவ. கல்யாணங் கட்டி இத்தன வருசத்துல இப்பந்தான் எனக்கொரு புருசன் கெடைச்சிருக்காவ.”

“மிகவும் மகிழ்ச்சி அம்மா. மீண்டும் துறைமுகத்துக்குப் போகிறாரா?”

ஜெசிந்தாவின் முகம் வாடியது. “அதான் மேடம் ஒத்து வரல. ஏலத்துல உக்காருதாவ. சத்தமும் நல்லாத்தான் இருக்கு, ரேடியோல நியூஸ் வாசிக்க மாதிரி. ஆனா ஒருத்தன் மொதல்ல வாயில வந்த வெலையக் கேட்டான்னா, ‘மிக்க நன்றி, எடுத்துக்கொள்ளுங்கள்’னு மீனக் குடுத்துருதாவ. மீனக் கொண்டாந்த போட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. இனிமே வராண்டாம்னு சொல்லிட்டாங்க.”

“நோயின் சோர்வாக இருக்கலாம் அம்மா. கவலைப்படாதீர்கள்,” என்றேன். எனக்கே பிடிக்காத பதில்.

அண்ணாச்சியைப் படுக்கவைத்துச் சோதனை செய்தேன். திரையைப் பார்த்ததும் திக்கென்றது. செத்துப்போனதாக நாங்கள் முடிவுகட்டிய இடம் சாகவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய சொந்தப் பேச்சு விழித்துக்கொண்டது. மெதுவாக, தட்டுத்தடுமாறி, ஆனாலும் விழித்தது. அது எழுந்து வருவதற்குள் நூலகம் பதிலைச் சொல்லி முடித்திருந்தது. கை கழுவிவிட்டு வருவதற்குள் பந்தி முடிந்துபோன ஆளைப் போல, அது ஒவ்வொரு முறையும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

தப்பு எங்களுடையது. எங்கே முதலில் தேடுவது என்ற வரிசையை நாங்கள்தான் அமைக்கிறோம். முறைப்படி முதலில் சொந்த மூளையில் தேட வேண்டும். அங்கே இல்லையென்றால்தான் நூலகம். எங்கள் மையத்தில் எல்லோருக்கும் நூலகத்தையே முதலில் போடுவோம். தங்குதடையில்லாமல் முழு வாக்கியம் பேசினால்தான் ஒருவர் ‘குணமானார்’. திக்கித் திணறிச் சொந்தமாகப் பேசுகிறவர் எங்களைப் பொறுத்தவரை இன்னும் நோயாளிதான். கூப்பிடவே கூப்பிடாத ஒன்று எத்தனை நாள் எழுந்து வரும்?

டாக்டர் வைகுந்தனின் அறைக்குப் போனேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன்.

“டாக்டர், கோமஸ் அவர்களின் சொந்தப் பேச்சு மீண்டு வந்துகொண்டிருக்கிறது. வரிசையை மாற்றிவைத்துச் சில மாதங்கள் பார்க்கலாமா?”

“மாத்தினா என்ன ஆகும்னு ஒனக்கே தெரியும். ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள நமக்கு மூச்சு முட்டும். இன்ஷூரன்ஸ்காரன் இதுக்கா செலவு பண்ணோம்னு கேப்பான். அந்தம்மா அழும். நல்லாப் பேசிட்டிருக்கிற மனுஷனை எதுக்கு மறுபடி ஊமையாக்கணும்? வெள்ளிக்கிழமை பிணைச்சிடு. சரிதானே?”

சரியில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சரி டாக்டர். அப்படியே செய்துவிடலாம்,” என்று சொல்லிவிட்டு வந்தேன். கோழை, கோழை என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். இது முதல் தடவையும் இல்லை. லீவு கேட்கப் போய், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டு திரும்பியவள் நான்.

கூடத்தில் அண்ணாச்சியும் ஜெசிந்தாவும் மருந்துக்குக் காத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், அவரும் எங்கள் நோயாளிதான். அவர் மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். தபால்காரர் குடித்துவிட்டு லேசாகச் சிரித்தார். ஒரு மூச்சு விட்டார். “நீ மட்டும் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன்,” என்றார்.

ஜெசிந்தா சடாரென்று திரும்பிப் பார்த்தார். பிறகு தன் புருஷனைப் பார்த்தார். கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து நீட்டினார். அண்ணாச்சி குடித்தார். லேசாகச் சிரித்தார். ஒரு மூச்சு விட்டார்.

“நீ மட்டும் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன்.”

அதே சிரிப்பு, அதே மூச்சு, ‘நீ மட்டும்’ என்பதில் அதே குழைவு. ஜெசிந்தா பாட்டில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அங்கே நிற்கக் கூசியது.

சாயங்காலம் வேலை முடிந்து வாசலைத் தாண்டினேன். எதிரே டீக்கடையில் ஜெசிந்தா தனியாக நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சியை மகன் பைக்கில் கூட்டிக்கொண்டு போய்விட்டானாம்.

“என்னக்கா, இன்னும் வீட்டுக்குப் போவலியா?” என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உள்ள பொம்ம மாதிரி பேசுதீய. வெளிய வந்தா நம்மூருப் பேச்சு வருது?”

“உள்ள அதப் போட்டுக்கிட்டுத்தான் பேசணும், ரூல்ஸ். வாங்க, ஒரு டீ குடிப்போம்.”

டீயை வாங்கினார். குடிக்கவில்லை. “அந்தாளு சொன்னதும் இவுக சொன்னதும் ஒண்ணு போல இருந்துச்சே. தெனமும் படுக்கப் போவும்போது இவுக அதத்தான் எங்கிட்ட சொல்லுவாவ. நான் அதக் கேட்டு அழுதிருக்கேன் தங்கச்சி.”

உள்ளதைச் சொன்னேன். “எல்லாருக்கும் ஒரே லைப்ரரிதாங்க்கா. அதுலருந்துதான் எடுத்துப் பேசுதாவ. ஒங்ககிட்ட ஏதோ சொல்லணும்னு அண்ணாச்சி மனசுல வருது பாருங்க, அது நெசம். வாயில வாரது மட்டும் அவுக வார்த்த இல்ல.”

“அப்பம் அவுக வார்த்த எங்க?”

“உள்ளதான் கெடக்கு. வர வழியில்ல. வெள்ளிக்கெழமைக்கு அப்பறம் எப்பவும் வராது.”

ஜெசிந்தா ரோட்டைப் பார்த்தபடி சம்பந்தமில்லாமல் பாகற்காயைப் பற்றிப் பேசினார். “பாவக்கான்னா இவுகளுக்கு ஆவவே ஆவாது. முன்ன வச்சா தட்டத் தூக்கி வீசிருவாவ. ஒடம்புக்கு நல்லதுன்னாங்கன்னு போன மாசம் வச்சேன். ‘மிகவும் சுவையாக இருக்கிறது’ன்னாவ. கண்ணுல தண்ணி. பாசத்துல அழுதாவன்னு நெனச்சுட்டேன். மறுநாளும் வச்சேன். தெனமும் வச்சேன் தங்கச்சி.” டீ கிளாஸைக் கையில் உருட்டினார். “வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எதுக்குமே சொல்ல மாட்டேங்காவளே.”

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, “ஏலத்துல முன்னயெல்லாம் எப்படி வேண்டாம்னு சொல்லுவாவ?” என்று கேட்டேன்.

“வாயால சொல்ல மாட்டாவ. இல்லன்னு மொகத்துக்கு நேரச் சொன்னா, கேட்டவன் நாளைக்கி ஏலத்துக்கு வர மாட்டான். வெல பத்தலன்னா காலால கூடையத் தன் பக்கம் இழுத்துக்கிடுவாவ. அம்புட்டுத்தான், பேச்சு முடிஞ்சுது. அப்பறம் எவனும் அந்த வெலைக்கு மல்லுக்கட்ட மாட்டான்.” சொல்லும்போது அவருக்கு ஒரு கர்வம் வந்தது. உடனே போய்விட்டது. “இப்பம்தான் வலது காலு வெளங்கலியே. கூட ஒரு பக்கம் கெடக்கு, இவுக ஒரு பக்கம் நாற்காலில இருக்காவ.”

கிளாஸை வைத்துவிட்டு, “முன்ன அவுக ஏசும்போது செத்துரலாம்னு இருக்கும்,” என்றார். “இப்பம் அந்த ஏச்சாவது அவுகளுதுன்னு இருக்கு. எனக்கு எது வேணும்னு எனக்கே தெரியல.”

வெள்ளிக்கிழமை வந்தது. பிணைப்பு இயந்திரம் சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் இருக்கும். சம்மதத்தைக் குரலாகப் பதிவுசெய்கிற கருவியும் அதிலேதான். அண்ணாச்சியை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். வண்டி எங்கள் இருவருக்கும் எதிரே. அதற்கப்பால் டாக்டர் வைகுந்தன். ஜெசிந்தா புருஷனின் தோளைப் பிடித்தபடி நின்றார்.

பிணைக்கும் முன்னால் நூலகத்தைக் கழற்றி, இணைப்பு சுத்தமாகக் கழல்கிறதா என்று பார்ப்பது வழக்கம். கழற்றிய சூட்டோடு திரும்ப ஏற்றிவிடுவோம். அன்று நான் ஏற்றவில்லை.

அண்ணாச்சியின் வாய் ஒரு பக்கம் கோணியது. முகத்தில் யாரோ விளக்கை அணைத்து வேறொரு விளக்கைப் போட்டது போல இருந்தது.

“கோமஸ் அவர்களே, நிரந்தரமாகப் பிணைக்கலாமா? உங்கள் விருப்பம் என்ன?” என்று கேட்டேன்.

கழுத்து நரம்பு புடைத்தது. உதடு மடங்கியது, விரிந்தது. எச்சில் வழிந்தது, ஜெசிந்தா முந்தானையால் துடைத்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவர் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“வே...” என்றார் அண்ணாச்சி. மறுபடி மூச்சை இழுத்தார். “வே...ண்...டா.”

அவர் முடிக்கவில்லை என்று தெரிந்தது. கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

“பா...வக்...கா... வேண்டா...ட்டி.”

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது. “முன்ன மாதிரி எட்டின்னு கூப்புட்டாவ மேடம்,” என்று என்னிடம் சொன்னார், நான் கேட்காதவள் போல.

“பதிவாச்சா?” என்றார் டாக்டர்.

கருவியில் சிவப்பு விளக்கு. குரல் தெளிவில்லை.

“அவர் வேண்டாம் என்று சொன்னதை நாம் எல்லோரும் கேட்டோம், டாக்டர்.”

“நாம கேட்டு என்ன? மெஷின் கேக்கணும். தெளிவில்லாதது செல்லாது. லைப்ரரியைப் போடு. வேண்டாம்னா வேண்டாம்னு அதையே தெளிவாச் சொல்லட்டும், விட்டுடறேன்.”

நியாயமாகத்தான் பட்டது. ஏற்றினேன். கோணிய வாய் நேரானது. கருவி தன் குரலிலேயே கேட்டது: நிரந்தரப் பிணைப்புக்குச் சம்மதமா?

“எனக்கு முழுச் சம்மதம். மிக்க நன்றி.”

பச்சை விளக்கு எரிந்தது. அண்ணாச்சியின் கண்களில் தண்ணீர் தளும்பியது. இந்தக் கண்ணீரைத்தான் ஜெசிந்தா பாசம் என்று நினைத்திருக்கிறார்.

கீழே ஏதோ உராய்ந்தது. குனிந்து பார்த்தேன். அண்ணாச்சியின் இடது கால் செருப்பை உதறிவிட்டு வண்டியின் கீழ்க்கம்பியைத் துழாவியது. விரல்களை வளைத்து மாட்டியது. இழுத்தது. வண்டி ஒரு சாண் அவர் பக்கம் நகர்ந்தது.

“வேண்டாங்காவ!” ஜெசிந்தா அலறிவிட்டார். “டாக்டரய்யா, அது வேண்டாம்னு அர்த்தம்! தொறமொகத்துல யார வேணாலுங் கேளுங்க. கூடைய இழுத்துட்டாவன்னா பேச்சு முடிஞ்சுது!”

“வாதம் வந்தவங்களுக்குக் கால் தானா இழுக்கும்மா. பதட்டப்படாதீங்க.”

முதல் விலைக்கே போன மீனும், தினமும் வைத்த பாகற்காயும் என் மண்டைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. “டாக்டர், இந்த நூலகத்தை வைத்து ஒருவர் ‘வேண்டாம்’ என்று மறுக்க முடியுமா?” என்று கேட்டேன்.

அவர் சலித்துக்கொண்டார். மறைக்கவெல்லாம் இல்லை. “முடியாது. அது ஓட்டல் ரிசப்ஷனுக்குன்னு செஞ்ச லைப்ரரி. வர்ற கெஸ்ட்கிட்ட முடியாது, இல்லைன்னு சொல்லிடக் கூடாதுன்னு அந்தப் பகுதியவே எடுத்துட்டாங்க. அடுத்தவங்க சொன்னத எடுத்துச் சொல்லலாம், தானா மறுக்க நெனச்சா அந்த எடத்துல இணக்கமா ஒரு வார்த்தை வந்து நிக்கும். நமக்கு மலிவாக் கிடைச்சுது. நாம நல்லதுதானே செய்யறோம், பேஷன்ட்டுக்கு மறுப்பு எதுக்கு? பச்சை எரிஞ்சாச்சு. தொடங்கு இசக்கி.”

தெளிவாகச் சொல்லட்டும், விட்டுவிடுகிறேன் என்று சற்றுமுன் சொன்னவரும் இவர்தான். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அழுத்தாமல் இயந்திரம் ஓடாது. முடியாது என்று சொல்லப் போனேன். ஊரே கேட்கிற மாதிரி கத்திச் சொல்லப் போனேன்.

“கண்டிப்பாக டாக்டர். இதோ தொடங்குகிறேன்,” என்றது என் வாய்.

சொன்னது நான்தான். என் தொண்டைதான் அதிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றேன். “மிக்க மகிழ்ச்சி டாக்டர்.” வார்த்தைக்கு முன்னால் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. ஒரு மூச்சு வந்தது. தபால்காரர் விட்ட அதே மூச்சு.

இத்தனை வருடம் இந்தக் கட்டடத்துக்குள் நான் சொன்ன ‘சரி டாக்டர்’ எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவற்றில் எது என் கோழைத்தனம், எது நூலகம் என்று இனிமேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், டீக்கடையில் நின்றவளைத் தேடுகிற மாதிரி. “தங்கச்சி, நீயுமா?”

“கவலைப்படாதீர்கள் அம்மா. எல்லாம் நல்லபடியாக முடியும்,” என்றேன். அதுதான் வந்தது.

அண்ணாச்சி ஒருவர்தான் என் வாயைப் பார்க்கவில்லை. அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியின் கம்பியில் அவருடைய கால் இன்னும் மாட்டியபடியே இருந்தது. தனியாக இழுத்து இழுத்துக் கெண்டைக்கால் நடுங்கியது.

நான் செருப்பைக் கழற்றினேன். அவர் காலுக்குப் பக்கத்தில், அதே கம்பியில், என் காலை மாட்டினேன். இழுத்தேன். வண்டி உருண்டு வந்து எங்கள் முழங்கால்களில் இடித்தது. சுவரிலிருந்து இயந்திரத்தின் பிளக் கழன்று தரையில் விழுந்தது. பச்சை விளக்கு அணைந்தது.

“இசக்கி! என்ன இது? காலை எடு!”

“உடனே எடுக்கிறேன் டாக்டர்,” என்றேன். எடுக்கவில்லை.